மில்லா: ஒரு சொல்லின் வழியே எலியேசர் பென் யெகுதா

எபிரேய மொழியில் சொல்லைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'தாவார்'. மற்றொன்று 'மில்லா'. தாவார் என்பது சொல்லையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். உரைத்ததும் நிகழ்வதும் ஒன்றே என்னும் பழைய நம்பிக்கை அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. இறைவன் மோசேக்கு அளித்த பத்துக் கட்டளைகளும் எபிரேயத்தில் பத்துத் 'தாவார்'களே. மில்லாவுக்கு அத்தகைய பெருமை கிடையாது. பேசுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த அச்சொல், விவிலியத்தின் பெரும்பகுதியில் தலைகாட்டுவதே இல்லை. காணப்படும் இடங்களில் மிகப் பல யோபு நூலில் உள்ளன. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த ஒரு மனிதன் தன் நண்பரோடு வாதிடும் நூல் அது. அங்கே மில்லா என்பது துயருற்றவன் வாயிலிருந்து வரும் வெறும் பேச்சு.

எபிரேயத்தின் உடன்பிறந்த மொழியாகிய அரமேயத்தில் இச்சொல் நாள்தோறும் புழங்கியது. அவ்வழியே அது பிற்கால ரபிமாரின் எபிரேயத்தில் நிலைபெற்றது. இடைக்காலத்தில் அரபு இலக்கணத்தைப் பின்பற்றி எபிரேயத்திற்கு இலக்கணம் வகுத்தவர்கள், சொற்களைப் பெயர், வினை, மில்லா என மூன்றாகப் பகுத்தனர். பெயரும் அல்லாது வினையும் அல்லாது அவ்விரண்டையும் சார்ந்து நிற்கும் இடைச்சொல்லே அவர்களுக்கு மில்லா. ஒலியில் இதனை ஒத்த இன்னொரு சொல்லும் உண்டு. யூத ஆண்மகவுக்கு எட்டாம் நாளில் செய்யப்படும் உடன்படிக்கைச் சடங்கின் பெயர் 'மிலா'. அது வெட்டுதல் என்னும் வேறொரு வேரிலிருந்து வந்தது. இரண்டும் வேறு எனினும், 'செஃபெர் யெட்ஸீரா' என்னும் பழைய மறைஞான நூல் அவற்றின் ஒலியொப்புமையைக் கொண்டு, உடன்படிக்கை உடலிலும் உண்டு, நாவிலும் உண்டு என்று கூறுகிறது.

நாவின் உடன்படிக்கை என்பதை உவமையாகக் கொள்ளாமல் அப்படியே தன் வீட்டில் நடத்திக் காட்ட முனைந்தவர் எலியேசர் பென் யெகுதா. மில்லா என்னும் எளிய சொல்லிலிருந்துதான் அவருடைய முதற் புதுச்சொல் பிறந்தது. அதற்கு அவரும் அவரைச் சார்ந்தோரும் கொடுத்த விலை சிறிதன்று.

இளமை

அவருடைய இயற்பெயர் எலியேசர் இட்ஸ்காக் பெர்ல்மன். 1858ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள், அன்றைய ருசியப் பேரரசின் வில்னா மாகாணத்தைச் சேர்ந்த லுஷ்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று பெலாரூஸ் நாட்டில் உள்ளது. தந்தை யெகுதா லைப், மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே மறைந்தார். அவ்வூரில் யூதர் வீட்டிலும் கடையிலும் பேசியது இத்திஷ் மொழி. எபிரேயம் வழிபாட்டுக்கும் மறைநூல் கல்விக்கும் கடிதத்திற்கும் உரியது. அதனை இறந்த மொழி என்று கூறுவது பொருந்தாது. ஈராயிரம் ஆண்டுகளாக அம்மொழியில் எழுதியோர் குறையவே இல்லை. ஸ்பெயினில் கவிஞர் பாடினர், பிரான்சில் உரையாசிரியர் உரை வகுத்தனர், எகிப்தில் அறிஞர் சட்டம் தொகுத்தனர். குறைந்தது ஒன்றே. அம்மொழியில் அழுது பால் கேட்கும் குழந்தை இல்லை.

சிறுவன் எலியேசர் ரபியாக வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். ஆகவே பொலோட்ஸ்க் நகரின் யெஷிவா என்னும் மறைக்கல்விக் கூடத்தில் சேர்க்கப்பட்டான். அங்கே தல்மூத் கற்பித்த ஆசிரியர் அறிவொளி இயக்கத்தில் மறைவாகப் பற்றுக் கொண்டவர். அவர் தம் மாணவனுக்கு எபிரேய இலக்கணத்தைக் காட்டினார். எபிரேயத்தில் பெயர்க்கப்பட்ட ராபின்சன் குருசோவின் கதையையும் படிக்கத் தந்தார். கடலும் தீவும் துப்பாக்கியும் ஆட்டுத்தோலும் மறைமொழியில் பேசப்படக் கண்ட சிறுவன் வியந்தான். வழிபாட்டு மொழியால் உலகியலும் உரைக்க முடியும் என்னும் அறிவு அவனுக்கு முதலில் அக்கதையிலிருந்தே கிட்டியது.

இப்படிப்பு உறவினருக்குத் தெரியவந்ததும் வீட்டில் இடமில்லாது போயிற்று. குளுபோகோயே என்னும் ஊரில் யோனாஸ் என்னும் கல்விமான் அவனுக்குப் புகலிடம் அளித்தார். அவருடைய மூத்த மகள் தெவோரா அவனுக்கு ருசிய மொழியைக் கற்பித்தாள். பின்னாளில் தன் தாய்மொழியைத் தன் குழந்தையின் முன் உச்சரிக்கவும் உரிமையற்றுப் போகப் போகும் பெண் அவளே என்பதை அன்று எவரும் அறியார்.

துவின்ஸ்க் நகரின் உயர்நிலைப் பள்ளியில் 1877இல் அவர் கல்வியை முடித்தார். அவ்வாண்டு ருசியாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. பல்கேரிய மக்களின் விடுதலை ருசியச் செய்தித்தாள்களின் பேச்சாயிற்று. தமக்கெனச் சொந்த மண்ணும் மொழியும் பெறும் உரிமை பல்கேரியருக்கு உண்டெனில் யூதருக்கு மட்டும் ஏன் இல்லை என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. ஜார்ஜ் எலியட் எழுதிய 'டேனியல் டெரோண்டா' நாவலையும் அக்காலத்தில் படித்தார். அவ்வினா உறுதியாக மாறியது.

பாரிசும் முதற் சொல்லும்

மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு 1878இல் பாரிசுக்குச் சென்றார். அங்கே மருத்துவராகவில்லை, நோயாளியானார். காசநோய் அவர் நுரையீரலைப் பற்றியது. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. தமக்கு நீண்ட வாழ்நாள் இல்லை என்றே அவர் கருதினார். அவருடைய பிற்கால விரைவுக்கும் பிடிவாதத்திற்கும் இது ஒரு காரணமாகலாம். காலம் குறைவு என்று எண்ணியவர் பின்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1879இல், வியன்னாவிலிருந்து பெரெட்ஸ் ஸ்மோலென்ஸ்கின் நடத்திய 'ஹஷகர்' என்னும் எபிரேய இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. மொழி வாழ வேண்டுமாயின் அதனைப் பேசும் மக்கள் ஒரு நிலத்தில் கூடி வாழ வேண்டும் என்பது அதன் சாரம். அக்கட்டுரையில் அவர் இட்ட புனைபெயர் பென் யெகுதா. யெகுதாவின் மகன் என்பது அதன் பொருள். மறைந்த தந்தையின் பெயரும் அதுவே, யூத மக்களின் முன்னோனாகிய யூதாவின் பெயரும் அதுவே. ஒரு சொல்லில் இரண்டு பொருளை ஏற்றும் பழக்கம் அவரிடம் அன்றே இருந்தது.

நோய் தணிய அல்ஜியர்ஸ் நகருக்குச் சென்றபோது, அங்கு வாழ்ந்த யூதரோடு எபிரேயத்தில் உரையாட நேர்ந்தது. அவர்களுக்கு இத்திஷ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது மறைமொழி ஒன்றே. அவர்களுடைய செஃபார்தி ஒலிப்பு அவர் செவிக்கு இனித்தது. பின்னர் எருசலேமிலும் அவ்வொலிப்பையே அவர் தேர்ந்தார். இன்றைய எபிரேய ஒலிப்பின் அடிப்படை அதுவே.

நாள்தோறும் எபிரேயத்தில் பேசத் தொடங்கியதும் சொற்பஞ்சம் தெரிந்தது. அகராதிக்கே எபிரேயத்தில் ஒரு சொல் இல்லை. 'செஃபெர் மில்லிம்', அதாவது சொற்களின் நூல் என்று இரண்டு சொற்களால் அதனைக் குறித்தனர். அவர் மில்லா என்னும் சொல்லை எடுத்து ஒரு விகுதியைச் சேர்த்து 'மில்லோன்' என்றார். இதுவே அவர் ஆக்கிய முதற் சொல். பின்னர் அதே முறையில், 'காலத்தின் மடல்' என்று இரு சொல்லால் வழங்கிய செய்தித்தாளுக்குக் காலத்தைக் குறிக்கும் 'எத்' என்னும் சொல்லிலிருந்து 'இத்தோன்' எனப் பெயரிட்டார். இரண்டும் இன்று எபிரேயம் பேசும் சிறுவர் நாவிலும் உள்ளன. அவற்றைச் செய்தவர் ஒருவர் உண்டு என்பதே அச்சிறுவருக்குத் தோன்றாது. சொல்லாக்கத்தின் வெற்றி அதுவே.

தாவாரை விடுத்து மில்லாவை அவர் தேர்ந்தது பொருத்தமானது. அவர் வேண்டியது சந்தையிலும் சமையலறையிலும் வழங்கும் பேச்சு. யோபுவின் புலம்பலிலும் இலக்கணியரின் இடைச்சொல்லிலும் கிடந்த சொல் அதற்கு இடந்தந்தது.

எருசலேமில் ஒரு வீடு

1881இல் தெவோராவை மணந்து, அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இருவரும் யாப்பாத் துறைமுகத்தில் இறங்கினர். எருசலேம் அன்று துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. நாட்டின் பெரும்பான்மை மக்கள் பேசியது அரபு. எருசலேம் யூதருள் ஐரோப்பாவிலிருந்து வந்தோர் இத்திஷும், செஃபார்தியர் லதினோவும், வேறு சிலர் அரபும் பேசினர். வெவ்வேறு மொழியினர் சந்தையில் சந்திக்கும்போது கொச்சையான எபிரேயத்தில் விலை பேசுவதும் உண்டு. அவ்வழக்கைப் பென் யெகுதா கண்டு மகிழ்ந்தார். வேர் உயிரோடு இருப்பதை அது காட்டிற்று.

தம் வீட்டில் எபிரேயம் அன்றி வேறு மொழி பேசுவதில்லை என்று விதித்தார். தெவோராவுக்கு அம்மொழி அரைகுறையாகவே தெரியும். பொருளின் பெயர் தெரியாதபோது கையால் சுட்டியும் சைகை காட்டியும் குடும்பம் நடந்ததாக அவரை அறிந்தோர் பின்னாளில் எழுதினர். 1882ஆம் ஆண்டு சூலையில் மகன் பிறந்தான். பென் சியோன் என்று பெயரிட்டனர். பிறந்தது முதல் எபிரேயம் அன்றி வேறு மொழி அவன் செவியில் விழலாகாது என்று தந்தை ஆணையிட்டார். வேற்றுமொழி பேசும் விருந்தினர் குழந்தையிடம் நெருங்க விடப்படவில்லை. அவனோடு விளையாடப் பிள்ளைகளும் இல்லை. அவன் மொழியைப் பேசும் வேறு பிள்ளை உலகில் எங்கும் இல்லை.

குழந்தை நெடுநாள் பேசவில்லை. அவன் ஊமையாகிவிடுவான் என்று நண்பர் எச்சரித்தனர். ஒருநாள் தெவோரா தன்னை மறந்து ருசிய மொழியில் தாலாட்டுப் பாட, வீட்டுக்குள் வந்த கணவர் சினங்கொண்டு கொந்தளித்தார் என்றும், அஞ்சி அழுத குழந்தை அப்போதே வாய் திறந்து பேசினான் என்றும் அம்மகன் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளான். தாயின் பாட்டு நின்ற இடத்தில் மகனின் சொல் தொடங்கியது. பென் யெகுதாவைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒருங்கே எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. ஒரு மொழியை வாழவைக்க ஒரு தாலாட்டை அடக்கலாமா என்னும் வினாவுக்கு எளிதில் விடை கூற இயலாது.

அம்மகன் வளர்ந்து இத்தமார் பென் அவி என்னும் பெயரில் இதழாளனானான். அவி என்பது எலியேசர் பென் யெகுதா என்னும் பெயரின் முதலெழுத்துக்களின் சேர்க்கை. என் தந்தை என்பதும் அதன் பொருள். தந்தையின் கடுமைக்கு இரையான மகன், தந்தையின் சொல்லாட்டத்தையே தன் பெயராகத் தரித்துக்கொண்டான்.

வீட்டின் தேவை சொற்களைக் கேட்டது. குழந்தையின் பொம்மைக்கு 'புபா' என்றார். பனிக்கூழுக்கு 'கிளிடா' என்றார். பாலைநிலத்தில் மன்னா விழுந்து கிடந்த காட்சியைச் சொல்லும் மறைப்பகுதியின் பழைய அரமேய மொழிபெயர்ப்பில், உறைபனிக்கு வழங்கிய சொல் அது. முன்னோர் பாலையில் கண்ட உறைபனி எருசலேமின் குழந்தைகளுக்குத் தின்பண்டமாயிற்று. அவருடைய முறை இதுதான். முதலில் எபிரேய நூல்கள் அனைத்திலும் தேடுவார். அங்கே கிடைக்காவிடில் உடன்பிறந்த மொழிகளாகிய அரமேயத்திலும் அரபிலும் வேரைத் தேடுவார். நயமுடையவனைக் குறிக்கும் 'அதீவ்', நாளைக் குறிக்கும் 'தாரிக்' முதலியன அரபின் துணையால் அமைந்தவை. அரபில் 'அதீப்' என்பது இலக்கியம் கற்றோனையும் குறிக்கும்.

மானும் படையும்

பிழைப்புக்காக ஃப்ரும்கின் என்பவரின் 'ஹவட்செலெத்' இதழில் பணி செய்தார். நிசிம் பெஹார் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் எபிரேயத்தை எபிரேயத்தின் வழியாகவே கற்பித்தார். நோய் காரணமாக அப்பணி நீடிக்கவில்லை. 1884இல் 'ஹட்ஸ்வி' என்னும் சொந்த இதழைத் தொடங்கினார். ட்ஸ்வி என்பது மானையும் குறிக்கும், அழகையும் பெருமையையும் குறிக்கும். தானியேல் நூலில் புனித நாடு ட்ஸ்வியின் நாடு எனப்படுகிறது. புதுச்சொற்கள் அவ்விதழின் பத்திகளில் செய்திகளோடு கலந்து வெளியாயின. படிப்போர் அவற்றைத் தனியே கற்க வேண்டியதில்லை, சூழலால் பொருள் விளங்கும்.

எருசலேமின் பழமை பேணும் யூதர் அவரை வெறுத்தனர். வழிபாட்டுக்குரிய புனித மொழியில் காய்கறி விலை பேசுவது அவர்களுக்குத் தீட்டாகப் பட்டது. வெளிநாட்டு அறக்கொடையை நம்பி வாழும் முறையையும் அவர் தம் இதழில் கடுமையாகத் தாக்கி வந்தார். ஆகவே சமூக விலக்கு விதிக்கப்பட்டது.

1891இல் தெவோரா காசநோயால் இறந்தார். கணவரைப் பற்றிய நோயே மனைவியைக் கொண்டுபோயிற்று. சிறிது காலத்திற்குள் தொண்டை அடைப்பான் நோயால் மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டனர். எபிரேயம் மட்டுமே பேசி வளர்ந்த முதல் வீட்டின் குழந்தைகள் அவர்கள். யோபு நூலின் மில்லா அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தது போலாயிற்று. மறுவாண்டில் தெவோராவின் தங்கையை மணந்தார். அவர் ஹெம்தா என்னும் எபிரேயப் பெயர் பூண்டு, விரைவில் மொழியைக் கற்று, கணவரின் இதழில் எழுதலானார். அகராதிக்குப் பொருள் திரட்டியதில் அவர் பங்கு பெரிது.

1893ஆம் ஆண்டின் ஒளிவிழாச் சிறப்பிதழில் அவருடைய மாமனார் ஒரு கட்டுரை எழுதினார். மக்கபேயரின் பழைய வீரத்தை நினைவுகூர்ந்து, ஆற்றல் திரட்டி முன்னே செல்லுமாறு அது அறிவுறுத்தியது. ஆற்றலுக்கு அவர் எழுதிய சொல் 'ஹயில்'. ஹயில் என்பது வலிமை, செல்வம், பண்பு என்னும் பொருள்களை உடையது. நீதிமொழிகளின் இறுதியில் போற்றப்படும் நற்குணப் பெண்ணும் ஹயில் உடையவளே. ஆனால் அதே சொல் படையையும் குறிக்கும். முன்னே என்பதைக் குறிக்கும் சொல்லின் வேருக்குக் கிழக்கு என்னும் பொருளும் உண்டு. எதிரிகள் துருக்கிய அதிகாரிகளிடம் சென்று, படை திரட்டிக் கிழக்கே செல்ல இவ்விதழ் அழைக்கிறது என்று பொருள் கூறினர். பென் யெகுதா சிறையிடப்பட்டார். ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் விடுதலை பெற்றாலும், இதழ் ஓராண்டு முடக்கப்பட்டது.

ஒரு வேரின் பல பொருள்களைத் தேடித் தொகுப்பதையே வாழ்வாகக் கொண்டவரை, ஒரு வேரின் பல பொருள்களே சிறைக்கு அனுப்பின. சொல்லின் பழம்பொருள் ஒருபோதும் முற்றாகச் சாவதில்லை. எழுதுவோன் மறந்தாலும் படிப்போன் அதனை எழுப்பிவிடக் கூடும்.

பிறர் ஆக்கிய சொற்கள்

எபிரேயத்தை உயிர்ப்பித்தவர் பென் யெகுதா ஒருவரே என்னும் பேச்சு வரலாற்றுக்கு ஒவ்வாது. குடியேற்ற ஊர்களின் பள்ளி ஆசிரியர், நாவலாசிரியர், கவிஞர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து குடியேறிய இளைஞர் எனப் பலர் உழைப்பால் அது நிகழ்ந்தது. சொல்லாக்கத்திலும் அவர் ஒருவர் அல்லர்.

மின்சாரத்தைக் குறிக்கும் 'ஹஷ்மல்' இதற்குச் சான்று. எசேக்கியேல் கண்ட தேர்க்காட்சியில் நெருப்பின் நடுவே ஒளிர்ந்த இனம்புரியாப் பொருள் அது. அதனை ஆராயத் துணிந்த சிறுவன் ஒருவனை நெருப்பு எழுந்து எரித்துவிட்டதாகத் தல்மூத் கூறுகிறது. அங்கேயே அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, சிலபோது அமைதி காத்துச் சிலபோது பேசும் விண்ணவர் என்றும் பொருள் கண்டனர். பிற்பாதியில் ஒலிப்பது மில்லாவின் வேரே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஹஷ்மலை 'எலெக்ட்ரோன்' என்று பெயர்த்தது. ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தின் பெயர் அதிலிருந்தே வந்தமையால், கவிஞர் யெகுதா லைப் கோர்டன் அத்தொடர்பைப் பின்னோக்கி நடந்து ஹஷ்மல் என்னும் சொல்லை மின்சாரத்திற்கு வழங்கினார். அஞ்சி வாசிக்க வேண்டிய சொல் இன்று மாதக் கட்டணச் சீட்டில் அச்சாகிறது.

தக்காளியின் கதை வேறு. யெகியேல் மிக்கேல் பைன்ஸ் என்னும் அறிஞர், ஐரோப்பியர் அதனைக் காதற் கனி என்று அழைத்ததைப் பின்பற்றி, காமத்தைக் குறிக்கும் வேரிலிருந்து 'அக்வானியா' என்று பெயரிட்டார். பென் யெகுதாவுக்கு அது அருவருப்பாயிற்று. அரபை ஒட்டிப் 'பதூரா' என்றார். அவர் வீட்டார் நெடுங்காலம் பதூராவையே சொல்லி வந்தனர். மக்கள் அக்வானியாவையே தேர்ந்தனர். மொழிக்கு ஒருவர் சொல் வழங்கலாம். ஏற்பதும் தள்ளுவதும் பேசுவோர் கையில் உள்ளது. அவர் ஆக்கிய சில நூறு சொற்களில் வழக்கொழிந்தனவும் பல.

சொற்கள் பொருள் மாறும் விந்தைக்குத் தமிழோடு தொடர்புடைய சான்றும் உண்டு. சாலோமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கி' என்னும் பறவை விவிலியத்தில் கூறப்படுகிறது. அதனை மயில் எனக் கொண்டு, தமிழின் தோகை என்னும் சொல்லோடு கால்டுவெல் முதலியோர் இணைத்தனர். அறிஞரிடையே இது இன்றும் ஆய்வுக்குரியதே. இக்கால எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி. மயிலுக்கு வேறு சொல் வந்து அமர்ந்துவிட்டது.

பேரகராதி

1890ஐ ஒட்டி எருசலேமில் ஒரு மொழிக்குழு தோன்றியது. பென் யெகுதா, தாவித் யெல்லின் முதலியோர் அதில் இருந்தனர். விரைவில் கலைந்த அக்குழு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கூடியது. பென் யெகுதாவின் நாட்டம் அகராதியில் ஊன்றியது. விவிலியம், மிஷ்னா, தல்மூத், இடைக்காலக் கவிதை, மருத்துவ நூல், தத்துவ நூல், கையெழுத்துப் படி என ஒவ்வொன்றிலும் புகுந்து சொற்களைத் திரட்டினார். ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்று படியெடுத்தார். இரவும் பகலும் மேசையருகே நின்று எழுதினார். 1908இல் முதல் தொகுதி வெளிவந்தது.

அதே 1908இல், செர்னோவிட்ஸ் நகரில் கூடிய மாநாடு இத்திஷை யூத மக்களின் தேசிய மொழிகளுள் ஒன்றென அறிவித்தது. லட்சக்கணக்கானோர் பேசி, பாடி, அழுத மொழி அது. எபிரேயத்தின் எழுச்சியில் இத்திஷும் லதினோவும் தாழ்ந்தன என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். தெவோராவின் நின்றுபோன தாலாட்டைப் போன்றதே அதுவும். 1913இல், ஹைஃபாவில் அமையவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழியில் கற்பிப்பதென்னும் முடிவை எதிர்த்து ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தனர். மறுவாண்டில் எபிரேயம் வென்றது.

முதல் உலகப் போரின்போது குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரின் பொது நூலகத்தில் அகராதிப் பணியைத் தொடர்ந்தார். 1919இல் எருசலேம் திரும்பினார். 1922இல் ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயமும் பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பர் 16ஆம் நாள் அவர் காலமானார். ஒலிவ மலையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அகராதிக்காக அவர் இறுதியாக எழுதிக்கொண்டிருந்த சொல் 'நெஃபெஷ்' என்று கூறுவர். உயிர் என்பது அதன் பொருள். அதன் பழம்பொருள் தொண்டை, மூச்சு என்று மொழிநூலார் காட்டுவர். நாற்பதாண்டு மூச்சுக்குப் போராடிய நுரையீரலோடு அவர் அச்சொல்லின் முன் நின்றார்.

ஹெம்தாவும் மகன் எகூதும் பணியைத் தொடர்ந்தனர். நப்தலி ஹெர்ட்ஸ் தூர் சினாய் முதலிய அறிஞர் பதிப்பைக் கவனித்தனர். 1951இல் ஹெம்தா மறைந்தார். 1953இல் பழைய மொழிக்குழு சட்டத்தின் வழி எபிரேய மொழிக் கழகமாயிற்று. 1959இல் 17 தொகுதிகளில் அகராதி நிறைவெய்தியது.

அதன் முகப்பில் மில்லோன் என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. யோபுவின் புலம்பலில் கிடந்து, இலக்கணியரால் இடைச்சொல்லாகச் சுருக்கப்பட்டு, நோயுற்ற இளைஞர் ஒருவரால் பாரிசில் புது வடிவம் பெற்ற சொல் அது. அதன் ஒரு பக்கத்தில் கிளிடா உருகுகிறது, மற்றொரு பக்கத்தில் ஹஷ்மல் ஒளிர்கிறது. தெவோரா பாடிய தாலாட்டின் சொற்கள் மட்டும் அதன் பக்கங்களில் இல்லை. அவை வேறு மொழிக்குரியவை.